ஐம்பதுல கார்ட் ரேஸ் பழகலாமா, அதுவும் திருநெல்வேலில இருந்துக்கிட்டு?

வள்ளியூர்லருந்து ஒரு தம்பி கேட்டது:

"எனக்கு 49 ஆச்சு. பிள்ளைய ரெண்டும் வெளியூர்ல. போன மாசம் மெட்ராஸ் போனப்ப அக்கா மகன் ஈசிஆர்ல ஒரு ட்ராக்குக்குக் கூட்டிட்டுப் போயி கோ-கார்ட்ல, அதான் தரையோட ஒட்டி ஓடுத சின்ன ரேஸ் வண்டி, அதுல உக்கார வச்சான். அன்னையிலருந்து வேற நெனப்பே ஓட மாட்டேங்கு. வீட்ல, கடைல எல்லாரும் ஒரே பாட்டு, இதெல்லாம் எட்டு வயசுல ஆரம்பிக்கணும், இந்த வயசுல ரிஃப்ளெக்ஸ் இருக்காது, காசைக் கரியாக்காதன்னு. உண்மையா?"

18 மே 2025

எட்டு வயசுல ஆரம்பிச்சாத்தான் ஃபார்முலா ஒன் போகலாம்ங்கிறது அநேகமா சரி, நீங்களும் நானும் அங்க போகப்போறதில்ல, அந்தக் கவலை அதோட தீந்துச்சு. காசு கரியாகும்ங்கிறது முழு உண்மை, அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. ரிஃப்ளெக்ஸ் கதையத்தான் என்னால ஒத்துக்கிட முடியல.

எனக்கு 53. பேட்டைல லேத் பட்டறை. இதுக்குள்ள வந்ததே ஓட்டணும்ங்கிற ஆசைல இல்ல, இங்க ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன்க கார்ட் செய்யுத போட்டிக்குன்னு ட்ராயிங்கோட வந்தானுவ, ஆக்ஸில், அதான் சக்கர அச்சு, கடைஞ்சு தாங்க, சக்கரத்த மாட்டுத ஹப் செஞ்சு தாங்கன்னு. செஞ்சு குடுத்ததுக்கு மரியாதையா அண்ணாச்சி நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்கன்னானுவ. காலேஜ் பின்னால காலி கிரவுண்டு. உக்காந்தா தரைக்கும் நம்ம இடுப்புக்கும் நடுவுல ஒரு சாண் இடம் இல்ல, முப்பது கிலோமீட்டர் வேகம் எம்பது மாதிரி தெரிஞ்சுது. அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு இன்னும் விடல.

ரிஃப்ளெக்ஸ்னா என்ன, குறுக்க நாய் வந்தா டபக்குனு பிரேக்க மிதிக்கோம்லா, அதான். ட்ராக்ல நாய் வராது. அதே வளைவு, அதே இடத்துல, திரும்பத் திரும்ப வரும், முன்கூட்டியே தெரிஞ்ச விசயத்துக்கு எதுக்குப் பதறணும்? அங்க வேண்டியது கண்ணுதான். வளைவுக்குள்ள நுழையும்போதே வெளிய வாற இடத்தப் பாத்துறணும், கை தானா அங்க கொண்டு போவும். இதுதான் நமக்கு வராது, ஏன்னா முப்பது வருசமா பைபாஸ்ல முன்னால போற லாரி பம்பரையே முறைச்சுப் பாத்து ஓட்டிப் பழகிட்டோம். ட்ராக்லயும் முன்னால போற கார்ட்டையே பாத்துக்கிட்டுப் போவோம், அவன் எங்க அகலமாப் போறானோ அங்கயே நாமளும் அகலமாப் போவோம்.

இன்னொண்ணு பிரேக். வாடகை கார்ட்ல அநேகமா பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டுந்தான். நேரா போகும்போதே மிதிச்சு முடிச்சிறணும். நாம ரோட்ல செய்யுத மாதிரி பாதி பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஸ்டியரிங்க ஒடிச்சா, வண்டி சுத்தி வந்த பக்கத்தப் பாத்து நிக்கும். அதுவும் பிரேக் இடது காலுக்கு, ஆக்ஸிலேட்டர் வலது காலுக்கு. வலது காலே ரெண்டையும் பாத்துக்கிட்ட வீட்ல இடது காலு இத்தன வருசம் கிளட்ச் மிதிச்ச வேகத்துல பிரேக்க மிதிக்கும் பாருங்க, கொஞ்ச நாளைக்கு அதுதான் பெரிய கூத்து.

19 மே

"அஜித்த விட்டுட்டியளே அண்ணாச்சி"ன்னு ஆளாளுக்குக் கேக்காவ. விடல. ஆனா அவர லேட்டா ஆரம்பிச்சவர்னு சொல்லக்கூடாது. 2003-லயே ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏசியால ஓட்டுனவரு, 2010-ல ஃபார்முலா டூ. இடையில விட்டுட்டுத் திரும்ப வந்தவரு. 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரு டீம் 991ங்கிற கார் பிரிவுல மூணாவது வந்தப்ப வயசு 53, என் வயசுங்கிறதுல எனக்கு ஒரு குசி, அம்புட்டுத்தான். நிசமாவே லேட்டா ஆரம்பிச்ச ஆளு வேணும்னா ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன். நாப்பதத் தாண்டித்தான் ரேஸுக்கே வந்தாரு, 1979-ல பிரான்ஸ்ல நடக்கிற லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல அவரு ஓட்டுன போர்ஷே ரெண்டாவது வந்துச்சு, அப்ப அவருக்கு 54. நம்ம பேட்டைல ரெண்டு பேருக்கு இதச் சொன்னேன், "அவன் கிட்ட துட்டு இருந்துச்சு"ன்னுட்டுப் போயிட்டாவ. அதுவும் சரிதான்.

25 மே

தம்பி, எங்க ஓட்டுறதுன்னு கேட்டியளே. நம்ம பக்கம் பொருட்காட்சிலயும் ரிசார்ட்லயும் ஓட்டுத சின்ன வண்டிய நான் கணக்குல சேக்க மாட்டேன். டைமிங் இருக்கணும். ஒவ்வொரு ரவுண்டும் எத்தன செகண்டுன்னு கடைசில ஒரு தாள்ல அடிச்சுத் தரணும். அது இல்லன்னா நாம வேகமாத்தான் போனோம்னு வீட்டுக்கு வந்து அளந்துக்கிட்டே இருப்போம்.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, ரேஸ் ஓட்டுன கரிவரதன் பேர்ல வச்சது. இங்கருந்து முந்நூத்தம்பது கிலோமீட்டர் பக்கம். சென்னைக்கு அங்கிட்டு இருங்காட்டுக்கோட்டைல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட பெரிய ட்ராக் 1990-லருந்து இருக்கு, இப்ப அங்கனயே கார்ட்டுக்குன்னு தனி ட்ராக்கும் போட்டுருக்காவ. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. ஈசிஆர்ல வாடகை ட்ராக் உங்களுக்கே தெரியும். பெங்களூர்ல மெக்கோ கார்டோபியான்னு ஒரு ட்ராக். எது எப்ப தொறந்திருக்கும்னு போன் போட்டுட்டுக் கெளம்புங்க, ரேஸ் இருக்கிற வாரம் வாடகை வண்டி விட மாட்டாவ.

நான் ராத்திரி ரயில்ல போயிட்டு மறுநா ராத்திரி ரயில்லயே திரும்புவேன். ஹெல்மெட்ட தலைமாட்டுல வச்சுப் படுத்திருப்பேன். டிடிஇ ஒருத்தர் டிக்கெட்ட பாக்காம ஹெல்மெட்டையே பாத்துட்டு, "பைக்க எங்க சார் விட்டிய"ன்னு கேட்டாரு.

டைமிங் தாளப் பத்தி ஒண்ணு. எல்லாரும் பெஸ்ட் லேப்ப, அதான் ஆக வேகமான ரவுண்ட, மட்டும் பாத்துட்டு போட்டோ எடுத்து அனுப்புதான். நான் கடைசி அஞ்சு ரவுண்டப் பாப்பேன். அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வந்தா அன்னைக்கு ஏதோ பழகியிருக்கோம்னு அர்த்தம். ஒரு ரவுண்டு மட்டும் பறந்து மத்தது எல்லாம் கெடக்குன்னா அது தற்செயல்.

8 ஜூன்

உடம்பப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலன்னு அம்பாசமுத்திரத்துக்காரர் பிடிச்சிட்டாரு. எழுதுனா நீங்க யாரும் வர மாட்டியன்னு பயம்.

விலா. இந்த விளையாட்டுல ரிஃப்ளெக்ஸ விட ஆயிரம் மடங்கு முக்கியம் விலா எலும்பு. கார்ட்ல ஷாக் அப்சார்பர் கிடையாது, சஸ்பென்ஷனே கிடையாது, ரேஸ் கார்ட்ல சீட்டுங்கிறது ஃபைபர் கிளாஸ்ல வார்த்த ஒரு கிண்ணம், மெத்தை கித்தை ஒண்ணும் கிடையாது. பெல்ட்டும் இல்ல, ஏன்னா மேல கம்பிக்கூடு இல்லாத வண்டி, கவுந்தா ஆளு அடில மாட்டாம வெளிய போயி விழணும். வாடகை கார்ட்ல சிலதுல பெல்ட் இருக்கும், இருந்தாப் போட்டுருங்க. ஆக வளைவுல நம்மளப் பிடிச்சு வைக்கிறது சீட்டோட ஓரந்தான், அது வந்து இடிக்கிற இடம் கீழ் விலா. எனக்கு வலது வளைவு ஜாஸ்தி உள்ள ட்ராக்ல இடது விலா போச்சு. எக்ஸ்ரேல முறிவு இல்ல, கன்றிப்போச்சு, அதுக்கே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தும்முனா உசிரு போவும், சிரிச்சாலும் போவும். இது தெரிஞ்சுக்கிட்டு எங்க வீட்ல இருபது வருசமா சொல்லாத ஜோக்கெல்லாம் அந்த மாசத்துலதான் சொன்னா.

இருபது வயசுப் பையனுக்குச் சீக்கிரம் ஆறுறது நமக்கு ஆற நாளாகும். வயசுன்னு ஒண்ணு நிசமா வந்து நிக்கிற இடம் இதுதான். ரிப் ப்ரொடெக்டர்னு விலாவச் சுத்திப் போடுத கவசம் விக்கி, ஹெல்மெட்டுக்கு முந்தி அத வாங்குங்க. வாடகை ட்ராக்ல ஹெல்மெட் குடுப்பாவ (உள்ள போடுத துணிக்குல்லா மட்டும் சொந்தமா வச்சுக்கிடுங்க, ஊரான் வேர்வை), விலாவுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாவ.

அடுத்தது முன்னங்கை. பயத்துல ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிப்போம், பத்து நிமிசத்துல கை கல்லாயிரும், இறங்குனதும் தண்ணி பாட்டில் மூடியத் திறக்க முடியாது. பிடிய விடப் பழகணும். நான் காலைல குறுக்குத்துறைல ஆத்துல ஒழுக்குக்கு எதுத்து நீந்துதேன், தோளுக்கும் கழுத்துக்கும் அதுதான் உதவுது, ஜிம்முக்குப் போயி பையன்களோட நிக்க எனக்கு வெக்கம்.

பிரஷர், சுகர் உள்ளவுக டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. ஹெல்மெட்டுக்குள்ள, நம்ம ஊரு வெயில்ல, உடம்புல தண்ணி எறங்குறது தெரியவே தெரியாது. சாயங்காலம் லைட் போட்டு ஓட்டுத ட்ராக்கா இருந்தா நல்லது.

9 ஜூன்

விட்டுப்போச்சு. ஓட்டுறதுக்கு முந்தி பரோட்டா வேண்டாம். ஏன்னு கேக்காதிய.

22 ஜூன்

பாளையங்கோட்டைல டீச்சரா இருக்கவங்க ஒருத்தங்க, 46 வயசு, பொம்பளையளும் போகலாமான்னு கேட்டுருக்காவ. இதுல என்ன கேள்வி டீச்சர், போங்க. ஒரே ஒரு விசயத்துல மட்டும் கறாரா இருங்க, நான் வெளாட்டுக்குச் சொல்லல. சீட்டுக்குப் பின்னால ஆக்ஸில், செயின், செயின் ஓடுத பல்சக்கரம் எல்லாம் சுத்திக்கிட்டு இருக்கும். பட்டறைல லேத்துல வேட்டி முனை மாட்டுனா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். துப்பட்டா, தொங்குத முடி இதெல்லாம் ஆக்ஸில்ல சுத்துனா கழுத்தோட போவும், நம்ம நாட்டுலயே உசிருபோன கதை உண்டு. முடியக் கொண்டை போட்டு துணிக்குல்லாவுக்குள்ள தள்ளி அதுக்கு மேல ஹெல்மெட். சேலை வேண்டாம், பேண்ட் சட்டை. தாலிச் சங்கிலி சட்டைக்குள்ள. மூடியிருக்கு, ஒண்ணும் ஆகாதுன்னு ட்ராக்காரன் சொன்னாலும் கேக்காதிய. இது ஆம்பளையளுக்கும் சேத்துத்தான், கழுத்துல துண்டோட ஏறுத ஆளையும் பாத்துருக்கேன்.

மத்தபடி நீங்க அம்பது கிலோன்னா எங்க எல்லாருக்கும் கஷ்டகாலம். வாடகை வண்டில இருக்கிறது ஹோண்டா ஜிஎக்ஸ் மாதிரி இன்ஜின், தோட்டத்துல தண்ணி இறைக்கிற பம்புலயும் அதே குடும்பந்தான், 196 சிசி ஒண்ணு, 389 சிசி ஒண்ணுன்னு வரும். அதுல உள்ள சக்திக்கு நாப்பது கிலோ ஏத்தம் எறக்கம்ங்கிறது வளைவுலருந்து வெளிய வரும்போது அப்படியே தெரியும்.

11 ஜூலை

நெல்லையப்பர் தேர்க் கூட்டத்துல நின்ன காலு இன்னும் வலிக்கு. ஆனா இத எழுதணும்னு அங்க நிக்கும்போதே நெனச்சேன்.

காலேஜ் பையன்க கார்ட் பத்திச் சொன்னேம்லா, அது திரும்பவே இல்ல. ஸ்டியரிங்க ஒடிச்சா முன் சக்கரம் தேச்சுக்கிட்டு நேரா போவும். அவனுவ பயந்துட்டு ஃபிரேமுக்கு இன்னும் ரெண்டு பைப்ப குறுக்க வச்சு வெல்டு பண்ணுனானுவ, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு. இன்னும் மோசம். ரத வீதி முக்குல தேர் திரும்புதத நின்னு பாத்தவுகளுக்கு இது சொல்லாமலே புரியும், வடம் இழுக்கிறது மட்டும் திருப்பாது, சக்கரத்துக்கு அடில கட்டையக் குடுத்துக் குடுத்துத்தான் முக்க ஒடிப்பாவ. கார்ட்டும் அதே சாதி. காருல டிஃபரன்ஷியல் இருக்கும், வளைவுல வெளிச் சக்கரம் கூடச் சுத்தும், உள் சக்கரம் கொறையச் சுத்தும். கார்ட்ல பின்னால ஒரே ஆக்ஸில், ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும், ரெண்டும் தரைல இருக்கிற வரைக்கும் வண்டி நேராத்தான் போகப் பாக்கும். அப்ப எப்படித் திரும்பும்? உள்பக்கப் பின் சக்கரத்தத் தரையிலருந்து தூக்கணும். அதுக்குக் கட்டைய ஸ்டியரிங்கே குடுக்குது. ஒடிக்கும்போது முன்னால உள்பக்கச் சக்கரம் கீழ அமுங்குற மாதிரி சக்கரம் திரும்புத அச்ச, கிங்பின்னும்பாவ, சாய்ச்சு வச்சிருப்பாவ, அது அந்த மூலையத் தூக்கும், ஃபிரேம் லேசா முறுக்கிக் குடுக்கும், பின்னால உள் சக்கரம் மயிரிழை மேல எந்திரிக்கும், வண்டி திரும்பும். ஃபிரேம் முறுக்கிக் குடுக்கணும், அதுதான் அதுக்கு ஸ்பிரிங்கு. பையன்க பைப்ப வச்சு ஸ்பிரிங்கப் பூட்டிப்புட்டானுவ. வச்ச பைப்ப நானே அறுத்துக் குடுத்தேன்.

ரேஸ் கார்ட்ல ஆக்ஸில் 50 மில்லிமீட்டர் விட்டம், உள்ள பொள்ளல், அதுலயும் சாஃப்ட், ஹார்டுன்னு தனித்தனியா வச்சு ட்ராக்குக்கு ஏத்த மாதிரி மாத்துவாவ. முப்பது வருசமா ஷாஃப்ட்டு வளையக்கூடாதுன்னே கடைஞ்சவன் நான், வளையுறதுக்குன்னு ஒரு ஷாஃப்ட்டுங்கிறதக் கேட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஓட்டுறவனுக்கு இதுல என்ன? ஸ்டியரிங்க ரொம்பப் பையத் திருப்புனா உள் சக்கரம் எந்திரிக்காது. ஒரே தடவ, உறுதியா ஒடிக்கணும், சக்கரம் எந்திரிச்சதும் பிடியக் கொஞ்சம் தளத்தணும். நான் மே மாசம் கண்ணு கண்ணுன்னு எழுதுனது பாதிதான், மீதிப் பாதி இது.

20 ஜூலை

"சின்னப்பிள்ள வண்டில பெரிய ஆளு"ன்னு தென்காசிக்காரர் நக்கல் பண்ணியிருக்காரு. கார்ட்ட மொதல்ல செஞ்சதே வளந்த ஆளுதான்யா. 1956, கலிஃபோர்னியா, ஆர்ட் இங்கெல்ஸ்னு ரேஸ் கார் கட்டுற கம்பெனில வேலை பாத்தவரு, புல்லு வெட்டுத மெஷின் இன்ஜினப் போட்டு தனக்குன்னு செஞ்சுக்கிட்டாரு. பிள்ளைய பெறவு வந்து புடுங்கிக்கிட்டது.

10 ஆகஸ்ட்

டீச்சர் கோயம்புத்தூர் பக்கம் ஒரு வாடகை ட்ராக்குக்குப் போயிட்டு வந்துட்டாவ. தாள போட்டோ எடுத்து அனுப்பியிருக்காவ. கடைசி அஞ்சு ரவுண்டும் அரை செகண்டுக்குள்ள. எனக்கு அந்த ட்ராக்ல வந்த நேரத்த இங்க எழுத முடியாது, எழுத மாட்டேன்.

எடை பத்தி முன்னால சொன்னத முழுசாச் சொல்லிருதேன், இல்லன்னா எல்லாரும் பட்டினி கெடக்க ஆரம்பிச்சிருவிய. அது வாடகை வண்டிக்கு மட்டும். முறையான ரேஸ்ல வண்டியும் ஆளும் சேந்து இவ்வளவு கிலோவுக்குக் கொறையக்கூடாதுன்னு ஒவ்வொரு பிரிவுக்கும் கணக்கு உண்டு, ஒல்லியான ஆளு சீட்ல ஈயக்கட்டிய போல்ட் போட்டு முடுக்கிக்கிடணும். குண்டான ஆளுக்கு எடுத்து வைக்க ஒண்ணும் இல்ல, அது வேற சோகம்.

டீச்சர் கேட்ட இன்னொரு கேள்வி நீலக்கொடி. பின்னால வேகமா ஒருத்தன் வாறான், விட்டுக்குடுன்னு அர்த்தம். வளைவுல ஒதுங்காதிய, நேரா போற இடத்துல உங்க கோட்டுலயே போயி அவனத் தாண்ட விடுங்க, திடீர்னு ஒதுங்குனாத்தான் இடி. நம்ம ஊரு ஆள்களுக்குக் கார்ட்லயே கஷ்டமான பாடம் இதுதான், வண்ணார்பேட்டை பாலத்துல எவன் எவனுக்கு வழி விட்டுருக்கான்?

31 ஆகஸ்ட்

சொந்தமா கார்ட் வாங்கலாமான்னு தம்பி கேக்காரு. ரெண்டு நாளா யோசிச்சேன். வேண்டாம், இப்ப வேண்டாம்.

வாங்குனா ரோட்டாக்ஸ் மேக்ஸ் இன்ஜின் வச்ச வண்டி வாங்கணும்பிய, எல்லாரும் அதத்தான் சொல்லுவாவ. 125 சிசி, டூ ஸ்ட்ரோக், தண்ணில குளுருத இன்ஜின், பெரியவங்க ஓட்டுத சீனியர் பிரிவுல முப்பது குதிரை சக்தி பக்கம். வாடகை வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஒரு நண்பரோட வண்டில உக்காந்து ஓட்டுனேன், மொத நேர்ல கழுத்து பின்னால போச்சு, ரெண்டு ரவுண்டுல இறங்கிட்டேன். அந்த இன்ஜினுக்கு சீல் வச்சிருக்கும். அவங்க அங்கீகாரம் குடுத்த சென்டர்லதான் பிரிக்கணும், எல்லாருக்கும் ஒரே இன்ஜினா இருக்கணும்னு அப்படி. நியாயந்தான். ஆனா லேத் பட்டறைக்காரன் கைல ஒரு இன்ஜினக் குடுத்துட்டு திறக்காதங்கிறது என்ன நியாயம்?

வண்டி விலைய விட, அதத் தூக்கிட்டுப் போறதுதான் செலவு. இங்கருந்து லோடு ஆட்டோ வச்சு கோயம்புத்தூர் போயி, டயர் தேஞ்சு, செயின் மாத்தி, ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு, தங்கி, ட்ராக்குக்குப் பணம் கட்டி. ட்ராக் பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொந்த வண்டி லாபம். திருநெல்வேலிக்காரனுக்கு வாடகைதான் லாபம், இறங்கிட்டு சாவியக் குடுத்துட்டு ரயிலேறலாம். ரேஸ்லயே எறங்கணும்னா எஃப்எம்எஸ்சிஐங்கிற இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளோட கூட்டமைப்புல லைசென்ஸ் எடுக்கணும், மெடிக்கல் சர்டிஃபிகேட் கேப்பாவ. நான் இன்னும் எடுக்கல. எடுப்பேனாங்கிறதுல வீட்ல ஒரு கருத்து இருக்கு, எனக்கு ஒரு கருத்து இருக்கு.

14 செப்டம்பர்

தம்பி போயிட்டு வந்துட்டாரு. விலா நல்லாருக்காம், ப்ரொடெக்டர் வாங்கிட்டுத்தான் போனாராம். ஆனா வளைவோட உள் ஓரத்த ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் தள்ளியே போனேன், எவ்வளவு முயற்சி பண்ணியும் ஒட்டிப் போக முடியலன்னு சொல்லுதாரு. போன்ல பேசிப் பாத்ததுல ஆளு போட்டுருக்கது ப்ரொக்ரஸிவ் கண்ணாடி! கீழ்ப்பாதி புஸ்தகம் படிக்க, மேல்பாதி தூரம் பாக்க. கார்ட்ல உக்காந்தா ட்ராக்கு ஓரம் கண்ணாடியோட கீழ்ப்பாதில வந்து மங்கலாத் தெரியும், எப்படி ஒட்டிப் போறது.

நாப்பத்தஞ்சத் தாண்டுனா கிட்ட உள்ள எழுத்து மங்குறது அநேகமா எல்லாருக்கும் உண்டு. தூரத்தப் பாக்க மட்டும் தனியா ஒரு கண்ணாடி போட்டுக்கிடுங்க, தூரத்துக்குப் பவர் இல்லாதவுக படிக்கிற கண்ணாடியக் கழட்டிட்டு ஏறுங்க. ஃபிரேமோட காம்பு நேரா, மெலிசா இருக்கணும், காதுக்குப் பின்னால வளைஞ்சு நிக்கிற காம்பு ஹெல்மெட்டுக்குள்ள போவாது. மொதல்ல ஹெல்மெட், பெறவு வைசரத் தூக்கிட்டுக் கண்ணாடி. ஹெல்மெட் சொந்தமா வாங்குறதா இருந்தா கண்ணாடியக் கொண்டு போயி போட்டுப் பாத்து வாங்குங்க. கார்ட்டுக்குன்னே ஸ்னெல் கே ரகம் உண்டு, ரேஸுக்குப் போறவுகளுக்கு அது. வாடகை ட்ராக்குக்கு நல்ல ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு முக ஹெல்மெட் போதும்.

வள்ளியூர்ல கண்ணாடிக் கடைக்காரர்ட்ட தம்பி போயி, கார்ட் ஓட்ட கண்ணாடி வேணும்னு கேட்டுருக்காரு. எந்த கார்டு, ஏடிஎம் கார்டான்னு கேட்டாராம்.